ஹீட்டர் ஹோஸை என்ன செய்வது? மலைநாட்டு வாகனங்களின் தீராத வழக்கு

குளிர்நாட்டுக்கென்று செய்த வாகனம் கண்டிக்கு வரும்போது கூடவே ஒரு ஹீட்டரும் வந்துவிடுகிறது. டெஷ்போட்டுக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சின்ன ரேடியேட்டரை இங்கே ஆண்டு முழுவதும் யாரும் தேடுவதில்லை. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பிறகு அது தானாகவே தன் இருப்பைக் காட்டும். முன் இருக்கைக்காரரின் காலடி ஈரமாகும். உள்கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் போகாத பசைமூட்டம் படியும். கூலன்டின் இனித்த வாடை வண்டிக்குள் சுற்றும். அந்தச் சின்ன ரேடியேட்டரை, அதாவது ஹீட்டர் கோரை, புதிதாகப் போடுவதென்றால் டெஷ்போட்டை முழுதாக இறக்க வேண்டும். அதற்குப் பதிலாக, எஞ்சின் பக்கம் வரும் இரண்டு ஹோஸ்களைக் கழற்றி ஒன்றோடொன்று பூட்டிவிட்டால் வேலை அரை மணி நேரத்தில் முடியும். வீட்டு முற்றத்தில் ஒரு குறடும் இரண்டு கிளிப்பும் வைத்துக்கொண்டு யாரும் செய்துவிடலாம்.

செய்யலாம்தான். செய்ய வேண்டுமா என்பதில்தான் வழக்கு. சுற்றிவிடு என்கிறார் ஒருவர். அடைத்துவிடு என்கிறார் இன்னொருவர். கம்பனிக்காரன் காரணமில்லாமல் வைக்கவில்லை, கை வைக்காதே என்கிறார் மூன்றாமவர். மூவருமே தாங்கள் சொன்னபடி செய்து வருடக்கணக்காக ஓடும் வண்டிகளைச் சாட்சிக்குக் காட்டுவார்கள். அந்தச் சாட்சிகள் பெரும்பாலும் உண்மையானவை என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு பதிலும் ஏதோ ஒரு வகை எஞ்சினுக்குச் சரியாக இருந்திருக்கிறது. அந்த எஞ்சினை விட்டு அடுத்ததற்குப் போகும்போதுதான் அது பிழையாகிறது.

இந்த வாதத்தை எடைபோடக் கண்டி பொருத்தமான இடம். மேற்கே கடுகண்ணாவை ஏற்றம். தெற்கே கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா வரை ஏறும் பாதை. கிழக்கே மகியங்கனைப் பக்கம் இறங்கும் பதினெட்டு வளைவு. சமதரையில் பல வருடம் மறைந்திருக்கக்கூடிய ஒரு பிழை இந்தப் பாதைகளில் ஒரே பயணத்தில் வெளிப்பட இடமுண்டு.

ஹீட்டர் இல்லாமல் வந்த கார்களும் ஹீட்டரோடு வந்த வேன்களும்

பிரித்தானியக் கார்களின் காலத்தில் இந்தக் கேள்வி அனேகமாக எழவே இல்லை. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரின் முதல் வகையில் தண்ணீர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏற, ஆறிய தண்ணீர் கீழே இறங்க, அந்தச் சுழற்சியிலேயே எஞ்சின் ஆறியது. 1950இன் இறுதியில் பம்ப் வந்தது. பம்ப் வந்த பிறகுதான் ஹீட்டரை விருப்பத் துணைப்பொருளாக விற்க முடிந்தது. ஹீட்டருக்கும் எஞ்சின் தண்ணீரின் ஓட்டத்துக்கும் உள்ள உறவு இந்தச் சிறு செய்தியிலேயே தெரிகிறது.

பின்னர் மைனருக்கு வந்த ஏ-வரிசை எஞ்சினின் ஹெட்டில், பின்முனையில், ஹீட்டருக்கென்று ஒரு துளை இருக்கும். ஹீட்டர் இருந்தால் அதில் வால்வைப் பூட்டுவார்கள். இல்லாவிட்டால் ஒரு தட்டையான மூடியை வைத்து இரண்டு நட்டுகளால் இறுக்கிவிடுவார்கள். அதாவது, அடைப்பது அந்த எஞ்சினுக்குக் கம்பனியே அங்கீகரித்த வழி. காரணம் உண்டு. பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் விரல் நீளத்தில் தனியாக ஒரு குறுக்கு ஹோஸ் அதில் இருந்தது. தெர்மோஸ்டட் மூடியிருக்கும்போது தண்ணீர் அந்த வழியாகச் சுற்றும். ஹீட்டர் பக்கத்தை அடைத்தாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. தோட்டங்களில் ஓடிய பழைய லேன்ட் ரோவர்களிலும் ஹீட்டர் விருப்பத் துணைப்பொருளாகவே இருந்தது. "அடைத்தால் ஒன்றும் வராது" என்று கராஜ்களில் இன்றும் கேட்கும் வாக்கின் வேர் இந்தத் தலைமுறை வண்டிகளில் இருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது.

1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு ஜப்பானிய ரீகண்டிஷன் வாகனங்கள் பெருகின. ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. ஜப்பானில் ஓடிய வண்டி அப்படியே இங்கே ஓடியது. இவற்றில் ஹீட்டர் விருப்பப் பொருள் இல்லை. ஏசியும் ஹீட்டரும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தே இருக்கும். பயணிகள் வேன்கள் பலவற்றில் பின்னிருக்கைக்கென்று இரண்டாவது ஹீட்டரும் உண்டு. வடக்கு ஜப்பானின் பனிப்பகுதிக்கென்று செய்த வகைகளில் ஹீட்டர் இன்னும் பெரிது. எனவே லைட் ஏஸ், டவுன் ஏஸ், ஹையேஸ் டொல்பின் என்று வரிசையாக வந்த வேன்களோடு மீட்டர்கணக்கான சூட்டுக் குழாய்களும் கண்டிக்கு வந்து சேர்ந்தன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நாட்டில் இருந்த வண்டிகள் அனைத்தும் ஐந்து வயது கூடின. உதிரிப்பாக விலை ஏறியது. கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினாலும் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய கோர்தான். அதற்கும் வயது அதே. ஹீட்டர் ஹோஸ் வழக்கு மறுபடி சூடுபிடிக்க இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு ஹோஸ்களின் வேலை

பம்ப் தள்ளும் தண்ணீர் எஞ்சின் புளொக்கையும் ஹெட்டையும் சுற்றிச் சூடாகிறது. தெர்மோஸ்டட் திறந்திருந்தால் பெரும்பகுதி ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பும். இன்னொரு பகுதி ஹெட்டிலிருந்தே பிரிந்து, விரல் பருமனான ஹோஸ் வழியாக ஹீட்டர் கோருக்குள் போய், பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்புகிறது. இந்த இரண்டாவது பாதை ரேடியேட்டரைத் தொடுவதே இல்லை. வால்வு வைக்காத வண்டிகளில் அது எப்போதும் திறந்தே கிடக்கும். டெஷ்போட்டில் சூடு–குளிர் குமிழைத் திருப்பும்போது பல வண்டிகளில் தண்ணீர் நிற்பதில்லை. காற்றைத் திசைதிருப்பும் ஒரு கதவு மட்டுமே அசைகிறது. ஏசியை முழுக் குளிரில் வைத்திருந்தாலும் அதற்கு அடுத்த அறையில் எண்பது பாகை செல்சியஸுக்கு மேல் சூடான ஒரு சின்ன ரேடியேட்டர் இருந்துகொண்டே இருக்கும்.

வாதத்தைத் தீர்மானிக்கும் இடம் தெர்மோஸ்டட். சில எஞ்சின்களில் அது தண்ணீர் வெளியேறும் வாயிலில், ஹெட்டின் சூட்டிலேயே நனைந்தபடி இருக்கும். வேறு சிலவற்றில், குறிப்பாக விட்ஸ், அலியன் போன்றவற்றில் வந்த டொயோட்டா 1என்இசட் எஞ்சினில், அது தண்ணீர் உள்ளே வரும் வாயிலில் இருக்கிறது. உள்வாயில் தெர்மோஸ்டட்டுக்கு எஞ்சினின் சூடு நேரடியாகத் தெரியாது. தெர்மோஸ்டட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றும் குறுக்குவழியாகவும் ஹீட்டர் வழியாகவும் திரும்பி வரும் சூட்டுத் தண்ணீர் தொட்டால்தான் அதன் மெழுகு உருகி வாய் திறக்கும். அந்தச் செய்தியைக் கொண்டுவரும் வழிகளில் ஒன்றை வெட்டும்போது என்ன ஆகும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடுகிறது.

இதே சின்ன ஹோஸ் சுற்றிலிருந்து வேறு கிளைகளும் பிரிவதுண்டு. சில எஞ்சின்களில் காற்று உள்ளே போகும் திரொட்டில் பொடியைச் சூடாக்கும் குழாயும், டர்போவை ஆற்றும் குழாயும் இங்கிருந்தே போகின்றன. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் புகைக்குழாயின் சூட்டை மீட்டுக் கூலன்டுக்குக் கொடுக்கும் அமைப்பும், மறுசுழற்சிப் புகையை ஆற்றும் கூலரும் உண்டு. எங்கே வெட்டுகிறோம் என்று தெரியாமல் வெட்டினால் ஹீட்டரோடு சேர்ந்து இவையும் பட்டினி கிடக்கும்.

சுற்றிவிடும் கட்சி

இரண்டு ஹோஸ்களையும் ஒரு வளைவால் இணைப்பது மிகப் பரவலான வழி. இதன் வாதம் எளிமையானது: தண்ணீர் ஓட வேண்டிய பாதை ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒழுகும் கோர் மட்டும் விலகிவிட்டது. உள்வாயில் தெர்மோஸ்டட்டுக்கும் செய்தி போய்ச் சேர்கிறது. கூடவே ஏசி நன்றாகக் குளிர்கிறது என்றும் சொல்வார்கள். அந்தக் கூற்றில் நியாயம் இருக்கிறது. காற்றைத் திருப்பும் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பொஞ்ச் காலப்போக்கில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். இடுக்கு வழியே ஹீட்டரின் சூடு ஏசிக் காற்றில் கலக்கும். கோருக்குள் சூட்டுத் தண்ணீர் போகாவிட்டால் கலக்கவும் ஒன்றுமில்லை. கதவு சரியாக மூடும் வண்டியில் இந்த ஆதாயம் சொற்பமாகவே இருக்கும்.

பலவீனம் தண்ணீரின் குணத்தில் இருக்கிறது. கோரின் மெல்லிய குழாய்கள் ஓட்டத்துக்கு ஒரு தடை. அதை எடுத்துவிட்டு ஒரு சாண் ஹோஸால் இணைத்தால் தடை போய்விடுகிறது. 16 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹீட்டர் ஹோஸின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 200 சதுர மில்லிமீட்டர். 32 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஹோஸின் பரப்பு ஏறத்தாழ 800. நாலில் ஒரு பங்கு பரப்புள்ள, தடையே இல்லாத ஒரு குறுக்குப் பாதையை ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே திறந்துவைத்தது போலாகிறது. அதில் போகும் தண்ணீர் ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். ரேடியேட்டர் புதிதாக இருந்தால் இது தெரியாது. ரேடியேட்டரின் கால்வாசிக் குழாய்கள் ஏற்கெனவே துருவால் அடைபட்டிருந்தால், ஏசியோடு கண்டி வாவியைச் சுற்றி ஊரும் நெரிசலிலோ, இரண்டாவது கியரில் ஏறும் கடுகண்ணாவையிலோ தெரிய வரலாம்.

இதற்கு மாற்று மருந்து பழையது. வளைவுக்குள் நடுவில் சிறு துளையுள்ள ஒரு பித்தளைத் தட்டை வைத்து ஓட்டத்தைக் குறைப்பது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் எஞ்சின்கள் சிலவற்றில் ஹீட்டருக்குப் போகும் இணைப்பிலேயே இப்படியொரு நெருக்கம் கம்பனியால் வைக்கப்பட்டிருக்கும். 8 மில்லிமீட்டர் துளை என்றால் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர், அதாவது ஹோஸின் நாலில் ஒன்று. சுற்றிவிடுபவர்களில் இதைச் செய்கிறவர்கள் மிகச் சிலரே. செய்தாலும், கூலன்ட் கலக்காத பச்சைத் தண்ணீரில் ஓடும் வண்டியில் துருச்செதில் வந்து அந்தத் துளையை அடைத்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. அப்போது சுற்றிவிட்டது தானாகவே அடைத்துவிட்டதாக மாறிவிடும்.

இந்த வழியின் தோல்விகளில் பெரும்பகுதி பொருளின் குற்றமாகவே இருக்கக்கூடும். நேரான ஹோஸை மடக்கினால் நடுவில் நசுங்கும். வளைவாகவே வார்த்த ஹோஸ் வேண்டும். பெற்றோல் ஹோஸும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸும் சூட்டுக் கூலன்டுக்கு ஆகாது. ஹாட்வெயார் கடையில் வாங்கும் பிவிசி ஜொயின்ட் எண்பது பாகையை நெருங்கும்போதே இளகும். எஞ்சின் தண்ணீர் அதற்கு மேலேதான் நிற்கும். பித்தளை ஜொயின்டும் நல்ல கிளிப்பும் போட்டு, புகைக்குழாயில் படாமல் கட்டியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். எஞ்சின் இருக்கைக்குக் கீழே இருக்கும் வேன்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஹோஸ் வெடித்தால் கொதிநீர் ஆள் இருக்கும் பக்கமே எழும்பும்.

அடைத்துவிடும் கட்சி

இரண்டு வாய்களையும் மூடிவிட்டால் ஆறாத தண்ணீர் சுற்றிவரும் பேச்சே இல்லை; ரேடியேட்டருக்கு முழு ஓட்டமும் கிடைக்கும். ஏ-வரிசை போல, தனிக் குறுக்குவழி உள்ள எஞ்சின்களில் இந்த வாதம் இன்றும் நிற்கிறது. வெளிவாயில் தெர்மோஸ்டட் உள்ள எஞ்சின்களிலும் பெரும்பாலும் நிற்கும்.

உள்வாயில் தெர்மோஸ்டட்டிடம் இது தடுமாறுகிறது. குறுக்குவழி சின்னதாக இருந்து, ஹீட்டர் ஓட்டமே அதற்குத் துணையாக அமைந்த எஞ்சினில் அடைத்தால், ஹெட் கொதிநிலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதும் தெர்மோஸ்டட் குளிர்ந்த தண்ணீரிலேயே நனைந்து மூடியபடி இருக்கும். திறக்கும்போது ஒரேயடியாகத் திறந்து ரேடியேட்டரின் குளிர்நீரைப் பாய்ச்சும். மூடும், திறக்கும், மறுபடி மூடும். சூடும் குளிரும் மாறிமாறித் தாக்கும்போது அலுமினிய ஹெட்டுக்கு அது நல்லதல்ல. இன்னொன்று, பின்முனையில் ஓட்டம் நின்றால் அங்கே காற்றுக்குமிழ் தங்கும். அடைக்கப் பயன்படும் ரப்பர் மூடியும் நம்பத்தக்கதில்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் சில மாதங்களில் அது பிளந்துவிடக்கூடும்.

கை வைக்காதே என்போர்

கம்பனிக் கைந்நூலின் கட்சி இது. பொறியியல் படித்தவர்களிடமும், கைவினையில் முதிர்ந்த சில பாஸ்மாரிடமும் ஒருசேரக் கேட்கலாம். இவர்களுடைய வலுவான வாதம், ஹீட்டர் ஓர் அவசர ரேடியேட்டர் என்பது. ஏற்றத்தில் ஊசி மேலே போனால் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஊதவிடு என்பது பழைய ஆலோசனை.

அது எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 2,000 கிலோ எடையுள்ள வேன், 15 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூக்குவதற்கு மட்டும் 14 முதல் 15 கிலோவாட் வேண்டும். டயரின் உராய்வு, காற்று, கியரின் இழப்பு, ஏசி எல்லாம் சேர்த்தால் எஞ்சின் 25 கிலோவாட் அளவுக்கு உழைக்கும். எரியும் எரிபொருளின் சக்தியில் உழைப்புக்கு ஒரு பங்கு, புகையோடு ஒரு பங்கு, தண்ணீருக்கு ஒரு பங்கு என்ற பொது விதிப்படி, தண்ணீரில் இறங்கும் சூடும் ஏறத்தாழ அதே 25 கிலோவாட். ஹீட்டர் ஊதி நொடிக்கு 100 கிராம் காற்றை 25 பாகையில் எடுத்து 75 பாகையில் வெளியே விட்டால் 5 கிலோவாட் வெளியேறும். ஏசியை நிறுத்தியதில் மிச்சப்படும் சுமை தனி. ஐந்தில் ஒரு பங்கு என்பது சின்ன உதவியில்லை. உச்சியை எட்டும்வரை தாக்குப்பிடிக்க அது போதுமானதாக இருக்கலாம். வெடித்த ஹோஸுக்கோ ஒழுகும் ரேடியேட்டருக்கோ போதாது. ஓட்டுநரின் காலடியில் 75 பாகைக் காற்று வீசும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வாதம் மூடுபனி. கண்டி நகருக்குள் ஏசியே கண்ணாடி மூட்டத்தைப் போக்கப் போதும். றம்பொடைக்கு மேலே, ஜனவரி இரவில், ஏசியால் ஈரத்தை உறிஞ்சி அதே காற்றை ஹீட்டரால் சூடாக்கி ஊதினால்தான் கண்ணாடியும் தெளியும், ஆட்களும் நடுங்காமல் இருப்பார்கள். நுவரெலியாவில் சில காலை வேளைகளில் புல்லில் உறைபனி கிடக்கும். வாரந்தோறும் அந்தப் பக்கம் ஆள் ஏற்றும் வேன்காரருக்கு ஹீட்டர் ஆடம்பரமில்லை. கட்டுகஸ்தோட்டைக்கும் பேராதனைக்கும் இடையில் ஓடுகிறவருக்கு அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

இந்தக் கட்சி தடுமாறும் இடம் வண்டியின் வயது. இருபது வருடக் கோரை, கம்பனி வைத்தது என்பதற்காக அப்படியே விட்டுவைப்பது பாதுகாப்பான தேர்வு என்று சொல்ல முடியாது. அது மெல்ல ஒழுகும்போது தண்ணீர் குறைவது பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீர் குறைந்த பிறகு சூட்டு மீட்டரையும் நம்ப முடியாது. அதன் உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். வெறும் ஆவியில் நின்றால் ஊசி கீழே இறங்கக்கூடும். சாதாரண நிலையிலும் பல ஜப்பானிய மீட்டர்கள் அகலமான ஒரு சூட்டு எல்லைக்குள் ஊசியை நடுவிலேயே பிடித்து வைத்திருக்கும்படி அமைந்தவை. ஊசி அசைவதைப் பார்க்கும் நேரத்தில் ஹெட் வளைந்திருக்கலாம். திருத்தாமல் விடுவதும் கை வைக்காமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தக் கட்சியினர் போதுமான அளவு சொல்வதில்லை.

நடுவழி: வால்வு

பழைய கார்களில் இருந்ததைப் போல ஹோஸில் ஒரு வால்வைப் பூட்டி, கண்டியில் மூடி, நுவரெலியாவில் திறக்கலாம் என்பது சமரசக்காரரின் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு வாயுள்ள சாதாரண வால்வை மூடுவது அடைப்பதற்குச் சமம். அடைப்பதன் எல்லாப் பிரச்சினைகளும் அதோடு வரும். நாலு வாயுள்ள வால்வு, மூடும்போது தண்ணீரைத் திருப்பிச் சுற்றிவிடும். அது சுற்றிவிடுவதற்குச் சமம். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். பிளாஸ்டிக் வால்வு சூட்டில் வெடித்து, ஒழுகாத இடத்தில் புது ஒழுக்கு ஒன்றை உண்டாக்கவும் கூடும்.

பின் ஹீட்டர் தனிக் கணக்கு

டொல்பின் போன்ற வேன்களில் பின் ஹீட்டருக்கு இரும்புக் குழாய்கள் அடித்தட்டின் கீழே நெடுக ஓடுகின்றன. சேறும் மழையும் பட்டு அவை துருப்பிடிக்கும். பிரித்தானியாவில் பழைய ஹையேஸ், பொங்கோ வேன்களை வைத்திருப்பவர்களும் இதே குழாய்களோடுதான் போராடுகிறார்கள். அங்கே சாலையில் தூவும் உப்பு காரணம். குளிர்நாட்டிலேயே பலர் பின் ஹீட்டரை விலக்கிவிடுகிறார்கள் என்றால், இங்கே அதைக் காப்பாற்ற வாதாடுவது கடினம்.

முன் ஹீட்டர் ஒரு கிளை, பின் ஹீட்டர் இன்னொரு கிளை என்று டீ ஜொயின்டில் பிரியும் அமைப்பில், பின்கிளையை மட்டும் அந்த டீயிலேயே முடித்துவிட்டால் முன் ஹீட்டரின் ஓட்டம் மாறாமல் இருக்கும். தெர்மோஸ்டட்டுக்குப் போகும் செய்தியும் அறாது. ஒழுகக்கூடிய மீட்டர்கணக்கான துரு இரும்பு வண்டியை விட்டுப் போகிறது. இந்த வழக்கில் எல்லாக் கட்சியும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே மாற்றம் இதுவாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது, அடித்தட்டின் கீழ் இருந்த தண்ணீரும் கணக்கிலிருந்து போவதால், பின்னர் கூலன்ட் மாற்றும்போது பழைய அளவு பொருந்தாது.

தெர்மோஸ்டட், தண்ணீர், மூடி

ஹீட்டர் ஹோஸ் வழக்கைத் தனியாக நடத்த முடியாதபடி மூன்று பழக்கங்கள் அதோடு பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது, வெப்பநாட்டில் தெர்மோஸ்டட் வேண்டாம் என்று கழற்றிவிடுவது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டட்டின் கீழ்முனையில் ஒரு தட்டு உண்டு. வாய் முழுதாகத் திறக்கும்போது அந்தத் தட்டு குறுக்குவழியை மூடும். தெர்மோஸ்டட்டைக் கழற்றினால் குறுக்குவழி நிரந்தரமாகத் திறந்துவிடும். கூடவே ஹீட்டர் ஹோஸையும் தடையில்லாமல் சுற்றிவிட்டிருந்தால், ரேடியேட்டரைத் தொடாமல் திரும்பும் வழிகள் இரண்டாகின்றன. ஏ-வரிசை எஞ்சினுக்குத் தெர்மோஸ்டட்டை எடுக்கும்போது அதன் இடத்தில் குறுக்குவழியை மூடும் ஓர் உலோக வளையத்தை வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த வளையம் மறந்துபோய், கழற்றும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தெர்மோஸ்டட் இல்லாத டீசல் எஞ்சின் மகியங்கனைப் பக்கம் நெடுக இறங்கும்போது அளவுக்கு மேல் குளிர்ந்து புகை கக்கும். 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனைக்கு வருடாவருடம் போக வேண்டிய வண்டிக்கு அது ஒரு தலைவலி.

இரண்டாவது, பச்சைத் தண்ணீர். உறைபனி இல்லாத நாட்டுக்கு அன்டிஃபிரீஸ் எதற்கு என்று கேட்பது நியாயமாகத் தோன்றும். சூட்டை ஏந்திச் செல்வதில் வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையை விடத் திறமானது என்பதும் உண்மை. ஆனால் கூலன்டில் துரு எதிர்ப்பு மருந்து இருக்கிறது. ஒழுகும் ஹீட்டர் கோர்களில் எத்தனை வயதால் போனவை, எத்தனை பச்சைத் தண்ணீரால் போனவை என்று பிரித்துப் பார்த்தால் இந்த வழக்கே பாதியாகக் குறையக்கூடும்.

மூன்றாவது, ரேடியேட்டர் மூடி. மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பது தெரிந்ததே. ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலுள்ள கண்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 98 பாகைக்குச் சற்று மேலே கொதிக்கும். 1,868 மீட்டரில் நுவரெலியாவில் 94 பாகையளவில். 88 கிலோபாஸ்கல் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் கடற்கரையில் 118 பாகை, நுவரெலியாவில் 115 பாகை. வித்தியாசம் மூன்றே பாகை. மூடியின் ரப்பர் போயிருந்தால் 115 பாகை 94 ஆக விழும். எஞ்சினின் இயல்பான சூடே எண்பத்தைந்தைத் தொடும்போது அது ஒன்பது பாகை இடைவெளி. ஹீட்டர் ஹோஸைச் சுற்றியதால் வண்டி கொதித்தது என்று பழி விழும் சில சம்பவங்களில் உண்மையான குற்றவாளி இந்த மூடியாக இருக்கலாம்.

இவற்றோடு, வேலை முடிந்தபின் காற்றை வெளியேற்றாமல் விடுவதையும் சேர்க்க வேண்டும். ஹோஸைக் கழற்றினால் காற்று புகும்; அது ஹெட்டின் உச்சியில் போய் உட்காரும். கண்டியின் சரிவான ஒழுங்கைகள் இதற்கு வசதியாகவே இருக்கின்றன. மூக்கு மேலே இருக்கும்படி வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, குமிழ் வருவது நிற்கும்வரை மெல்லத் தண்ணீர் ஊற்றலாம். இதைச் செய்யாமல் அடுத்த நாளே கடுகண்ணாவை இறங்கி ஏறியவரின் அனுபவத்தை எந்தக் கட்சிக்கும் சாட்சியாகக் கொள்ள முடியாது.

இன்னும் தீராதவை

மேலே கண்டவற்றை வைத்து ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியவை சில. பின் ஹீட்டரை டீயிலேயே முடிப்பதில் தீங்கு காணக் கடினம். தனிக் குறுக்குவழி உள்ள பழைய எஞ்சின்களில் அடைப்பது ஏற்கத்தக்கது. உள்வாயில் தெர்மோஸ்டட் உள்ளவற்றில் அடைப்பதை விடச் சுற்றிவிடுவது பாதுகாப்பானது. பிரியஸ் போன்ற ஹைபிரிட் வாகனங்களில் சுற்று எங்கே பிரிகிறது என்ற வரைபடம் கையில் இல்லாமல் தொடாமல் இருப்பதே மேல்.

சுற்றிவிடும்போது தடைத்தட்டு வேண்டுமா, துளை எவ்வளவு என்பதில் இந்த உறுதி கிடையாது. கோரின் தடை கோருக்குக் கோர் மாறும். பம்பின் வேகத்தோடு ஓட்டமும் மாறும். பழைய டீசல் வேன்களின் ஹெட் வெடிப்பும் அப்படியே. டொயோட்டா 2எல் டர்போ எஞ்சினின் ஹெட் வெடிப்பது உலகறிந்த குறை. ஹீட்டரைத் தொடாத வண்டிகளிலும் அது நேர்ந்திருக்கிறது. வெடித்த ஹெட்டோடு கராஜுக்கு வரும் வண்டியில் சுற்றிவிட்ட ஹோஸும், அடைபட்ட ரேடியேட்டரும், தளர்ந்த விசிறிக் கிளச்சும், பழைய மூடியும் ஒன்றாகவே இருக்கும். எது தள்ளிவிட்டது என்று கழற்றிய பிறகு கண்டுபிடிப்பது அரிது.

ரேடியேட்டரின் மேல் ஹோஸிலும் கீழ் ஹோஸிலும் சுற்றிவிட்ட வளைவிலும் ஒவ்வொரு வெப்பமானியைக் கட்டி, மாவனெல்லையிலிருந்து கடுகண்ணாவை உச்சிவரை ஒரே வேகத்தில் ஏறி, தட்டு இல்லாமல் ஒரு தடவை, 8 மில்லிமீட்டர் தட்டோடு ஒரு தடவை, ஹீட்டரோடு ஒரு தடவை அளந்தால் அந்த ஒரு வண்டிக்கு விடை கிடைக்கும். செலவு அதிகமில்லை. ஆனால் அதே வண்டியின் ரேடியேட்டர் இன்னும் இரண்டு வருடம் பச்சைத் தண்ணீர் குடித்த பிறகு அந்த விடை நிற்குமா என்பது வேறு கேள்வி.